கொக்கி

கார்ஸில் ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
துளைப்பான் முதலில் இருமும், பிறகுதான் சுற்றும்.
கட்டடத்துக்கு இப்போது பெயர் இல்லை,
கோப்பில் ஓர் எண்தான்.
நடு வளைவின் உச்சியில் ஒரு விளக்கு வேண்டுமாம்.
பனி உருகியதும் யாரோ பெரிய மனிதர் வருகிறாராம்.

சாரத்தின் மூன்றாம் தட்டில் நான்.
கீழே தர்லான், வயர் சுருளைத் தோளில் மாட்டியபடி
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

மேலாக வெள்ளை எமல்ஷன்,
நகராட்சி வாங்கியது, மலிவு ரகம்.
அடுத்து சிமெண்ட். இது கோதுமைக் கிடங்காய் இருந்தபோது
எலிக்குப் பயந்து பூசியது.
அதற்கும் உள்ளே ஒரு பச்சை.
ஜாரின் படைவீடுகளுக்கு அடித்த பச்சை,
என் மாமியார் வீட்டு ஜன்னல் சட்டத்தில்
இன்னும் உரியாமல் இருக்கிறதே, அதே பச்சை.
பிறகு சுண்ணாம்பு, சுண்ணாம்பு, மறுபடி சுண்ணாம்பு:
தொழுகைக்காக வெளுத்தவர்கள்
மகன் தலையெடுக்கும்தோறும் ஒரு பூச்சு
பூசியிருக்க வேண்டும்.
அதன்பின் கரி.
மெழுகுவர்த்திப் புகையா, மங்கோலியர் வைத்த தீயா?
மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான். தும்மினேன்.
தர்லானின் தொப்பிமேல்
எண்ணூறு வருஷம் உதிர்ந்தது.
அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு,
தட்டிவிட்டு,
இன்னொரு விதையைக் கடித்தான்.

அப்போதுதான் துளைப்பான் வழுக்கியது.
கருங்கல்லில் எதிர்ப்பே இல்லை.
நிறுத்திவிட்டு விரலை விட்டேன்:
சூனிபர் மரத்தக்கை ஒன்று, அதில்
இறுகிப்போன இரும்புக் கொக்கி.

நூலைத் தொங்கவிட்டு, மூலைக்கு மூலை அளந்து,
அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டு
பென்சிலால் நான் குறித்த இடம்.
முன்பே ஒருவன் அதே கணக்கைப் போட்டிருக்கிறான்.
அவனுக்கும் கழுத்து வலித்திருக்கும்.

சுரண்டித் துடைத்ததும் உள்வளைவு மின்னியது.
இரண்டு தேய்மானம்.
ஒரு சங்கிலி கிழக்கு நோக்கி ஆடியிருக்கிறது,
இன்னொன்று தெற்கே திரும்பி.
எண்ணெய் மட்டும் இதே சந்தையில் வாங்கியதாகத்தான் இருக்கும்.

முஹித்தின் பே ஓடி வந்தார்.
கையில் படிவம், படிவத்தில் மூன்று கட்டங்கள்.
"எந்தக் காலம், ஸெர்னிஷான் ஹானிம்? யாருடையது?"
அவர் கேட்டதில் தப்பில்லை.
கோடைதோறும் தூரதேசத்திலிருந்து வருகிறார்கள்,
சுவரில் உள்ளங்கை பதித்து நிற்கிறார்கள்,
பேசுவதில்லை, பேருந்து ஹாரன் அடிக்கும்வரை.
டீக்கடையில் வேறு சிலர்
அதே சுவருக்காக மேசையைக் குத்துகிறார்கள்.
ஒரு கட்டத்தில் டிக் போட்டால்
இரண்டு கட்டத்துக்குக் கோபம் வரும்.

என் மாமியாரை நினைத்தேன்.
வாத்துகளை எண்ணுவது ருஷ்யனில்,
கையேந்துவது அரபியில்,
திட்டுவது குர்தியில்.
மாவு பிசையும் தொட்டிக்கு அவர் சொல்லும் பேரை
அகராதியில் தேடினேன் ஒரு தடவை.
பக்கத்து வீட்டில் இருந்து, ஒரு வருஷம்
இல்லாமல் போனவர்களின் சொல்.
அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.
ரொட்டி அன்றும் நன்றாகவே உப்பியிருந்தது.

"விளக்குப் போட்டவனுடையது" என்றேன்.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
முஹித்தின் பே பேனாவை மூடி,
திறந்து,
மறுபடி மூடினார்.

கொக்கியை இழுத்துப் பார்த்தேன், தொங்கியும் பார்த்தேன்.
எழுபத்தொரு கிலோ, குளிர்கால உடையோடு.
முனகக்கூட இல்லை.
விளக்கை அதிலேயே மாட்டினேன்.
சுவிட்சைத் தட்டியதும் பல்பு இருமுறை சிமிட்டிவிட்டு
நின்று எரிந்தது.
வெளியே கொடிக்கம்பியில்
உப்பிட்ட வாத்துகள் விறைத்து ஆடின.

மாலையில் பில் எழுதினேன்:
வயர் பதினெட்டு மீட்டர்.
சுவிட்ச் ஒன்று.
சாரம், அரைநாள் வாடகை.
துளைக்கும் கொக்கிக்கும் கூலி இல்லை,
அந்தப் பணம் முன்பே கொடுத்தாகிவிட்டது,
எந்த நாணயத்தில் என்று தெரியாது.